பிரபஞ்சத்துக்கு மணி என்ன?

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஏதாவது விஞ்ஞானமா எழுதுங்க, ஆனா பரீட்சை பேப்பர் மாதிரி இருக்கக்கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். ஹாஸ்டல் நினைவுகளை எழுத என்னைவிட நல்ல ஞாபகசக்தி உள்ள சீனியர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மணி பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஆசாமி. மொபைல் டவர்களின் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வது என் தொழில். இன்றைய 5ஜி டவர்கள் இரண்டுக்குள் ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு வித்தியாசம் வந்தாலே ஒன்றின் பேச்சில் மற்றது குறுக்கிட ஆரம்பித்துவிடும். ஆகவே "எல்லா இடத்துக்கும் பொதுவான நேரம்" என்பது எனக்குத் தத்துவம் இல்லை, தினசரித் தலைவலி. இந்தத் தலைவலி பிரபஞ்ச அளவில் எப்படி இருக்கும் என்று படிக்க ஆரம்பித்தவன், கடந்த நூறு ஆண்டுகளாகப் பெரிய பெரிய மேதைகள் இதில் மோதிக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்து அசந்துபோனேன். அந்தக் கதைதான் இது.

முதலில் நம் ஊரிலேயே ஒரு சின்ன உதாரணம். 1906 ஜனவரி முதல் தேதிதான் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று வைத்தார்கள். அதற்கு முன் பம்பாய்க்கு ஒரு மணி, கல்கத்தாவுக்கு ஒரு மணி. ரயில் விட வேண்டுமே, எந்த மணிக்கு விடுவது? இரண்டுக்கும் நடுவில் இருந்த மெட்ராஸின் நேரத்தை ரயில்வேக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நுங்கம்பாக்கம் வானோக்குக் கூடத்தில் கணித்த நேரம் தந்தி மூலம் நாடெங்கும் போயிற்று. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாய்க்காரருக்கு அது அரை மணி வேகம். கல்கத்தாக்காரருக்கு அரை மணிக்கு மேல் தாமதம். 1792-ல் நட்ட கருங்கல் தூண் இன்னமும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. ஆக, பொது நேரம் என்பது பேசி முடிவு செய்துகொண்ட ஏற்பாடு. மெட்ராஸுக்குப் பதில் நாக்பூரை வைத்திருந்தாலும் ரயில் ஓடியிருக்கும்.

கேள்வி இதுதான். பிரபஞ்சத்தின் பொது நேரமும் இப்படி ஓர் ஏற்பாடுதானா? இல்லை, நாம் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் நிஜமான சங்கதியா?

நியூட்டனுக்குச் சந்தேகமே இல்லை. 1687-ல் வந்த பிரின்ஸிபியாவில், வெளியே எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் சீராக ஓடும் தனி முழுமையான காலம் ஒன்று உண்டு என்று அடித்துச் சொல்லிவிட்டார். இருநூறு வருஷத்துக்கு மேல் யாரும் அதை அசைக்கவில்லை. 1905-ல் ஐன்ஸ்டைன் வந்து அந்த அஸ்திவாரத்தையே உருவினார். ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் நடப்பவை என்று நீங்கள் சொல்வது, உங்களைக் கடந்து ஓடுகிறவருக்கு ஒரே சமயத்தில் நடப்பவை அல்ல. தூரம் அதிகமானால் இந்த வித்தியாசம் பூதாகாரமாகிவிடும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி 25 லட்சம் ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. நீங்கள் காலேஜ் கேட்டில் சும்மா நிற்கிறீர்கள். நான் அந்தத் திசையில் கான்டீனை நோக்கிச் சாதாரண நடையில் போகிறேன். ஆண்ட்ரோமீடாவில் "இப்போது" என்று நீங்கள் சொல்லும் கணத்துக்கும் நான் சொல்லும் கணத்துக்கும் மூன்று நாளுக்கு மேல் வித்தியாசம் வரும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒரே வரிதான். இருவரில் யார் சரி? இருவரும் சரி. யாருக்கும் விசேஷ உரிமை கிடையாது.

இதோடு பொது நேரத்தின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. அதற்குப் பின்கதவைத் திறந்துவிட்டவரும் ஐன்ஸ்டைனேதான்!

1917-ல் தன்னுடைய பொதுச் சார்பியல் தத்துவத்தைப் பிரபஞ்சம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தார். விரியாத, சுருங்காத, எங்கும் ஒரே சீராகப் பொருள் நிரம்பிய ஒரு பிரபஞ்சத்தைக் கணக்கில் கட்டினார். அதில் வெளி வளைந்திருந்தது, ஆனால் காலம் நேர்கோடாகத் தனியே நின்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த டி ஸிட்டர் உடனே கையைப் பிடித்தார்: இடத்தையும் காலத்தையும் பிரிக்க முடியாது என்று சொன்னவர், இப்போது பிரபஞ்ச அளவில் காலத்தை மட்டும் தனியே எடுத்து வைக்கலாமா என்று. எடிங்டனும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஐன்ஸ்டைனுக்கு அப்போது இது பெரிய குற்றமாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் ரஷ்யாவின் அலெக்ஸாண்டர் ஃப்ரீட்மன். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வானிலை ஆராய்ச்சி செய்தவர், கணித மேதை. 1922-ல் பிரபஞ்சம் விரியலாம், சுருங்கலாம் என்று காட்டும் கட்டுரையை எழுதினார். ஐன்ஸ்டைன் "கணக்கில் தப்பு" என்று பத்திரிகையில் ஒரு குறிப்புப் போட்டார்; அடுத்த வருஷம், தப்பு தன் பக்கம்தான் என்று இன்னொரு குறிப்பு. ஃப்ரீட்மன் 1925 ஜூலையில் பலூனில் 7,400 மீட்டர் ஏறி சோவியத் சாதனை படைத்தார். அதே செப்டம்பரில் டைபாய்டில் காலமானார். வயது 37. ஹபிள் 1929-ல் கேலக்ஸிகள் விலகி ஓடுவதைக் காட்டியபோது பார்க்க மனிதர் இல்லை.

அந்த 1922 கட்டுரையில் பலர் தாண்டிப் போய்விடுகிற ஓர் இடம் உண்டு. காலத்தின் அச்சு, வெளிக்குச் செங்குத்தாக இருக்கட்டும் என்று ஓர் அனுமானம் வைக்கிறார். இதற்கு பௌதிக ரீதியாகவோ தத்துவ ரீதியாகவோ காரணம் எதுவும் சொல்வதற்கில்லை, கணக்கு சுலபமாக வேண்டும் என்பதற்காக மட்டுமே என்று அவரே நேர்மையாக எழுதிவிட்டார். இன்று பாடப்புத்தகங்களில் "காஸ்மிக் டைம்" என்று கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் சங்கதி, பிறக்கும்போது இப்படி ஒரு கணக்கு சௌகரியமாகத்தான் பிறந்தது! நம் டிராயிங் ஹாலில் ஸ்கேல் கோணலாக இருந்தால் தாளைத் திருப்பிக்கொள்வோமே, அந்த மாதிரி.

அந்தச் சௌகரியத்துக்கு ஒரு பௌதிக அர்த்தம் கொடுத்தவர் ஹெர்மன் வெய்ல். 1923-ல் அவர் சொன்னது: கேலக்ஸிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டாமல், பொதுவான ஒரு கடந்த காலத்திலிருந்து விரிந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கேலக்ஸியோடும் மிதந்து போகிற கடிகாரங்களை இசைத்து வைத்துவிடலாம். அந்தக் கடிகாரங்கள் காட்டுவதுதான் பிரபஞ்ச நேரம். 1935 வாக்கில் ராபர்ட்ஸனும் வாக்கரும் இதைக் கணித ரீதியாக முழுமைப்படுத்தினார்கள். எல்லாத் திசையிலும் எல்லா இடத்திலும் பிரபஞ்சம் ஒரே மாதிரி இருந்தால் பொது நேரம் ஒன்று தானாகவே வந்துவிடும். ஐன்ஸ்டைன் அழித்த நியூட்டனின் காலம் திரும்பி வந்துவிட்டது என்று ஜேம்ஸ் ஜீன்ஸ் போன்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அதே முப்பதுகளில் ஆக்ஸ்போர்டில் ஒருவர், "ஒன்று போதாது, இரண்டு நேரம் வேண்டும்" என்றார். எட்வர்ட் மில்ன். நம் சந்திரசேகருக்கு அவருடைய கேம்பிரிட்ஜ் நாட்களில் நண்பராக இருந்தவர். மில்னின் கணக்குப்படி அணு ஒரு நேரத்தைக் காட்டுகிறது. ஊசல், கிரகச் சுழற்சி போன்றவை இன்னொரு நேரத்தைக் காட்டுகின்றன. ஒன்று மற்றொன்றின் லாகரிதம். நாம் எல்லோரும் கிளார்க்ஸ் டேபிளோடு குடித்தனம் நடத்தியவர்கள் என்பதால் இதன் விளைவு உடனே புரியும். பூஜ்யத்தின் லாக் என்ன? மைனஸ் இன்ஃபினிடி. அணுக் கடிகாரத்தில் பார்த்தால் பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் உண்டு, கேலக்ஸிகள் விலகி ஓடுகின்றன. ஊசல் கடிகாரத்தில் பார்த்தால் ஆரம்பமே இல்லை, கேலக்ஸிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. ஒரே பிரபஞ்சம், இரண்டு சரித்திரம். எந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! உயிரியல் மேதை ஜே.பி.எஸ். ஹால்டேன், பிற்பாடு இந்தியாவுக்கே குடிவந்தாரே, அவர் இதில் மயங்கி 1945-ல் கட்டுரையே எழுதினார்.

மில்னின் கொள்கை இன்று வழக்கில் இல்லை. அவர் சொன்னது சரியானால் ஈர்ப்பின் பலம் வருஷத்துக்கு ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் மாறிக்கொண்டிருக்க வேண்டும். 1969-லிருந்து சந்திரனில் வைத்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளக்கிறார்கள். லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாற்றம் தென்படவில்லை. அணுவும் கிரகமும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. ஆனால் மில்ன் கிளப்பிய கேள்வி சாகவில்லை. கடைசியில் அது திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கதையின் மிக ருசியான பகுதி. 1949 மார்ச்சில் ஐன்ஸ்டைனுக்கு எழுபது வயது நிறைகிறது. பிரின்ஸ்டனில் தினமும் அவரோடு நடந்து வீடு திரும்பும் நண்பர் குர்ட் கோடல், கணிதத்தின் அடித்தளத்தையே ஆட்டிவைத்தவர். பிறந்த நாளை ஒட்டி வந்த மலருக்கு (நம் மலர் மாதிரிதான், கொஞ்சம் கனமானது) அவர் ஒரு கட்டுரை கொடுத்தார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குப் புதிதாக ஒரு விடை. அந்தப் பிரபஞ்சத்தில் பொருள் எல்லாம் சுழல்கிறது. சுழன்றால் என்ன கெட்டுப்போயிற்று? பொது நேரம் கெட்டுப்போயிற்று.

இதை இப்படி யோசியுங்கள். பொது நேரம் என்றால், பிரபஞ்சத்தை மாடி மாடியாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு தளமும் ஒரு "இப்போது". ஒவ்வொரு கேலக்ஸியின் பாதையும் எல்லாத் தளத்தையும் செங்குத்தாகத் துளைத்துக்கொண்டு மேலே போக வேண்டும். பாதைகள் முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் இது சாத்தியம். முறுக்கிக்கொண்டால், ஒவ்வொரு பாதைக்கும் செங்குத்தாகத் தரை போட்டுக்கொண்டே ஒரு சுற்று வரும்போது கிளம்பின இடத்துக்கு வந்து சேரமாட்டீர்கள். ஒரு மாடி உயரத்தில் நிற்பீர்கள். கார் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை மாதிரி. தளமே கிடையாது, சரிவு மட்டும்தான். கோடலின் பிரபஞ்சத்தில் எந்த விதத்திலும் முழுமையான "இப்போது" ஒன்றை வெட்டி எடுக்க முடியாது. அது மட்டுமில்லை, போதுமான வேகத்தில் ராக்கெட்டில் ஒரு பெரிய வட்டம் அடித்தால் தன்னுடைய கடந்த காலத்துக்கே வந்து இறங்கலாம். ஒளி வேகத்தில் 71 சதவீதமாவது வேண்டும் என்று கோடலே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மனுஷர் எரிபொருளைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த இடத்தில் நம்மவர் வருகிறார். மெட்ராஸ் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1961-ல் ஜேம்ஸ் ரைட் என்பவரோடு சேர்ந்து கோடல் பிரபஞ்சத்தின் பாதைகளை வரி விடாமல் கணக்கிட்டார். தானாக விழும் எந்தப் பொருளும் கடந்த காலத்துக்குத் திரும்புவதில்லை என்று கண்டு, கோடல் சொன்னதற்கு இது முரண் என்று எழுதினார்கள். கணக்கு சரிதான். ஆனால் கோடல் பேசியது தானாக விழும் பொருளைப் பற்றி அல்ல, எஞ்ஜினை ஓட்டிக்கொண்டு போகும் ராக்கெட்டைப் பற்றி. 1970-ல் ஹோவர்ட் ஸ்டைன் என்ற தத்துவப் பேராசிரியர் இதைச் சுட்டிக்காட்டினார். சந்திரசேகர் அளவுக்குக் கணக்கில் கறாரானவருக்கே இது நேர்ந்தது என்றால் இந்த விஷயம் எவ்வளவு வழுக்கல் என்று பாருங்கள். இதே சுழற்சி விவகாரத்தை யோசித்துக்கொண்டிருந்த கல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌதுரி 1955-ல் எழுதிய சமன்பாடு, பின்னாளில் பென்ரோஸ், ஹாக்கிங் தேற்றங்களுக்கு அஸ்திவாரம் ஆயிற்று.

கோடலின் வாதம் வெறும் விளையாட்டு இல்லை. அவர் சொன்னது இது: நம் பிரபஞ்சம் சுழலாமல் இருக்கலாம், அதனால் நமக்கு ஒரு பொது நேரம் கிடைத்திருக்கலாம். ஆனால் பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்கிற தற்செயலான விஷயத்தைப் பொறுத்து இருக்கவோ இல்லாமல் போகவோ செய்கிற ஒன்றை "காலம்" என்று சொல்லலாமா? ஐன்ஸ்டைன் பதிலில், இந்தக் கவலை பொதுச் சார்பியலைக் கட்டும்போதே தனக்கும் இருந்தது என்று ஒத்துக்கொண்டு, இத்தகைய விடைகளைப் பௌதிகக் காரணம் காட்டி ஒதுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும் என்றார். கோடல் இதைக் கடைசிவரை விடவில்லை. கேலக்ஸிப் படத் தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு, எது எந்தத் திசையில் சுழல்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார் என்று வீலர் எழுதியிருக்கிறார்.

அளவை முடிவு செய்தது வேறு ஒன்று. 1965-ல் பென்ஸியாஸும் வில்ஸனும் ஆன்டெனாவில் இரைச்சலைத் தேடப் போய், பிரபஞ்சத்தின் ஆதிச் சூட்டின் மிச்சத்தைப் பிடித்தார்கள். இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். எல்லாத் திசையிலும் லட்சத்தில் ஒரு பங்கு வரை ஒரே மாதிரி. 2016-ல் வந்த ஓர் ஆய்வு, பிரபஞ்சம் திசைக்குத் திசை மாறுபட்டு விரிவதற்கும் சுழல்வதற்கும் எதிரான பந்தயம் 1,21,000-க்கு 1 என்றது. கோடலின் பிரபஞ்சம் நம் பிரபஞ்சம் இல்லை.

ஆக, நமக்குப் பொது நேரம் உண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று தைரியமாகச் சொல்கிறோம். ஆனால் யார் கைக்கடிகாரத்தில்? அந்த ஆதிச் சூடு எல்லாப் பக்கமும் சமமாகத் தெரிகிறவரின் கடிகாரத்தில். நமக்கு அப்படித் தெரிவதில்லை. சூரியக் குடும்பம் அதன் ஊடே செகண்டுக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு பக்கம் கொஞ்சம் சூடு, எதிர்ப் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. ஆரம்பத்திலிருந்தே இந்த வேகத்தில் ஒரு கடிகாரம் ஓடியிருந்தால் அது சுமார் பத்தாயிரம் வருஷம் பின்தங்கியிருக்கும். 1,380 கோடியில் பத்தாயிரம் பெரிதா என்பீர்கள். இல்லைதான், அளவுப் பிழையே சுமார் இரண்டு கோடி ஆண்டு. ஆனால் என் தொழிலில் 'பெரிதில்லை' என்பது 'இல்லை' ஆகாது. ஜி.பி.எஸ். சாட்டிலைட்டின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோசெகண்ட் வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் தப்பாக வழிகாட்டும்.

சரி, பிரபஞ்சம் நிஜமாகவே எங்கும் ஒரே சீரா? பெரிய அளவில் சராசரி எடுத்தால் சீர். கிட்டே போய்ப் பார்த்தால் கேலக்ஸிகள் கொத்துக் கொத்தாக, நடுவில் பிரம்மாண்டமான வெற்றிடங்கள். நியூஸிலாந்தின் டேவிட் வில்ட்ஷயர் 2007-லிருந்து இதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார். வெற்றிடத்தில் ஈர்ப்பு குறைவு, கடிகாரம் வேகம். கேலக்ஸிக் கூட்டத்தில் தாமதம். இந்த வித்தியாசம் கோடிக்கணக்கான வருஷங்கள் சேர்ந்து இன்றைக்கு 35 சதவீதம் வரை போய்விட்டது, ஆகவே பிரபஞ்சத்துக்கு ஒரே வயது என்பதே கிடையாது, 1998-ல் கண்டுபிடித்த டார்க் எனர்ஜியும் ஒரே நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த மாயைதான் என்பது அவர் கட்சி. 2024 டிசம்பரில் சூப்பர்நோவா அளவுகளை வைத்து அவர் குழு புதிய கட்டுரை வெளியிட்டது. பெரும்பாலோர் ஏற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவு பெரிதாகச் சேராது என்பது அவர்கள் பதில். எனக்கும் 35 சதவீதம் ரொம்ப ஜாஸ்தியாகத்தான் படுகிறது. ஆனாலும் கேள்வி நியாயமான கேள்வி.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மறுபாதி ஒரு விமான நிலையத்தில் ஆரம்பிக்கிறது.

1965. அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே–டர்ஹம் விமான நிலையம். பிரின்ஸ்டனின் ஜான் வீலருக்கு அங்கே விமானம் மாற இரண்டு மணி நேரம் இருக்கிறது. பக்கத்து ஊரில் வேலை பார்க்கும் பிரைஸ் டிவிட்டுக்கு போன் போட்டு வரச்சொல்கிறார். குவாண்டம் கொள்கைப்படி ஈர்ப்பை எழுதினால் சமன்பாடு எப்படி இருக்கும் என்று வீலர் குடைய, டிவிட் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். வீலருக்கு ஒரே குஷி. 1967-ல் அது பத்திரிகையில் வந்தது. இன்று வீலர்–டிவிட் சமன்பாடு என்று பெயர்.

அந்தச் சமன்பாட்டில் ஒரு விசித்திரம். 't' இல்லை. காலத்துக்கான எழுத்தே இல்லை! மொத்த ஆற்றல் பூஜ்யம், அவ்வளவுதான். நாம் இரண்டாம் வருஷத்தில் படித்த ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் காலம் வெளியே நிற்கும். லேப் சுவரில் மாட்டின கடிகாரம் அதைக் காட்டும். முழுப் பிரபஞ்சத்தையும் சமன்பாட்டுக்குள் போட்டுவிட்டால் சுவர் ஏது? கடிகாரமும் பிரபஞ்சத்துக்குள்ளேதான் இருக்கிறது. ஆகவே காலம் வேண்டுமானால் உள்ளே இருக்கிற ஏதோ ஒன்றைக் கடிகாரமாக நியமிக்க வேண்டும். எதை?

இங்கே ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. பிரபஞ்சத்தின் சைஸையே கடிகாரமாக வைக்கலாம். விரிந்துகொண்டே போனால் சரி. ஒரு நாள் திரும்பச் சுருங்க ஆரம்பித்தால் ஒரே சைஸ் இரண்டு தடவை வரும், கடிகாரம் பின்னால் ஓடும். 1972-ல் ஜேம்ஸ் யார்க் என்பவர், சைஸை விட்டுவிட்டு விரியும் வேகத்தின் விகிதத்தைக் கடிகாரமாக வைக்கலாம் என்று காட்டினார். எந்தெந்த இடங்களில் விகிதம் சமமோ அவையெல்லாம் ஒரே "இப்போது". சுருங்கினாலும் இது முன்னோக்கியே ஓடும். அழகான யோசனை. ஆனால் 1998-க்குப் பிறகு பார்த்தால் இதற்கும் ஒரு வினை: டார்க் எனர்ஜி இருப்பதால் விகிதம் குறைந்துகொண்டே போய், இன்று 70 அளவில் இருக்கிற எண் 56 அளவில் நின்றுவிடும். பிரபஞ்சம் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும், யார்க்கின் முள் மட்டும் அந்த எண்ணை நெருங்கி நெருங்கி ஊரும்.

1989-ல் அன்ரூவும் வேறு சிலரும் பிரபஞ்ச மாறிலியோடு ஜோடி சேரும் ஒரு காலத்தை முன்வைத்தார்கள். இதுவரை கடந்துவந்த இட-காலக் கன அளவே அதன் மணி. 1994-ல் கானும் ரோவெல்லியும் சூட்டிலிருந்தே காலம் பிறக்கிறது என்றார்கள். ஆதிச் சூடு நிரம்பிய பிரபஞ்சத்துக்கு அதைப் போட்டால் வெய்லின் பழைய பொது நேரத்துக்கு நேர் விகிதத்தில் வருகிறது. இது எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறியும் விஷயம். 2009-ல் ஹொர்ஷவா, தயக்கம் எதற்கு, பொது நேரம் இயற்கை விதியிலேயே இருக்கட்டும் என்று ஐன்ஸ்டைனுக்கே எதிராகப் போனார். 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளி ஆண்டு தூரத்திலிருந்து ஈர்ப்பலையும் ஒளியும் 1.7 செகண்ட் இடைவெளியில் வந்து சேர்ந்தபோது, அவர் கொள்கையின் ஒரு பகுதிக்கு இடம் இல்லாமல் போயிற்று, முழுவதும் அல்ல. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், ரஷ்யப் பத்திரிகைகளை மொழிபெயர்த்து ஜீவனம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்த ஜூலியன் பார்பர், 1999-ல் எழுதிய புத்தகத்தில் காலமே கிடையாது என்றுவிட்டார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் வேலையில் இல்லாதவர் சொல்வதை உலகமே உட்கார்ந்து கேட்டது.

எது சரி? யூட்டா பல்கலைக்கழகத்தின் கரெல் குகார்ஷ் 1992-ல் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றிலும் எங்கே ஓட்டை என்று காட்டினார். அவர் எழுதியதில் முக்கியமான ஒன்று: வெவ்வேறு கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தால் வெவ்வேறு குவாண்டம் கொள்கைகள் கிடைக்கும், அவை ஒன்றுக்கொன்று சமம் இல்லை. மெட்ராஸ் நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் அரை மணியைக் கூட்டிக் கழித்தால் தீர்ந்தது. எந்த நேரத்தை வைத்தாலும் ரயில் அதே ரயில். இங்கே கடிகாரத்தை மாற்றினால் ரயிலே மாறிவிடுகிறது.

வெறும் பயமுறுத்தல் என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ல் இங்கிலாந்தின் ஸ்டெஃபன் கீலனும் லுசியா மெனென்டெஸ்-பிடாலும் ஒரு எளிய மாடல் பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டு இரண்டு விதமாக குவாண்டம் கணக்குப் போட்டார்கள். முதல் தடவை, அன்ரூ வகைக் காலம் கடிகாரம். பெருவெடிப்பின் அந்த முடிவிலிப் புள்ளி காணாமல் போயிற்று. பிரபஞ்சம் அதைத் தொடுவதே இல்லை. இரண்டாம் தடவை, பிரபஞ்ச சைஸின் லாகரிதம் கடிகாரம். இப்போது பிரபஞ்சம் தடையில்லாமல் நேரே அந்தப் புள்ளிக்குள் போய் விழுகிறது. பொருள் அதேதான், சமன்பாடும் அதேதான். மில்ன் 1950-லேயே இறந்துவிட்டார். இருந்திருந்தால் இந்த லாகரிதத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ.

என் கட்சி என்ன என்று கேட்டால், பொது நேரம் நம் பிரபஞ்சத்தின் சீரான அமைப்பிலிருந்து வருகிற ஒரு நல்ல சராசரி, விதி இல்லை. பூமியிலேயே அப்படித்தான் செய்கிறோம். உலக நேரம் என்று எந்த ஒரு கடிகாரமும் இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட அணுக்கடிகாரங்களின் அளவுகள் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய், அவர்கள் சராசரி எடுத்து, போன மாதம் உங்கள் மணி இவ்வளவு தப்பு என்று இந்த மாதம் சொல்கிறார்கள். ஆனால் சராசரி எடுக்க நானூறு கடிகாரமாவது இருக்க வேண்டும். எதுவும் சீராக இல்லாத, கடிகாரம் செய்ய அணுகூட இல்லாத அந்த முதல் கணத்தில் எதைச் சராசரி எடுப்பது? என் கட்சி அங்கே செல்லுபடியாகாது என்பது எனக்கும் தெரியும். கோடலின் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. நம்மில் ஃபிஸிக்ஸ் பக்கம் போன நண்பர்கள் சிலர் இந்த மலரைப் படிப்பார்கள். ஒன்றுகூடல் அன்று மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன், வந்து சண்டை போடுங்கள்.